முப்பத்தேழு பலகைகள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நான், அண்ணன், பால்கனியில் தொங்கும் முப்பத்தேழு ஆர்க்கிட்கள் எல்லோரும் சுகம். அங்கே பனி குறைந்ததா, உங்கள் முழங்கால் வலி எப்படி என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா, சரி சரி, வச்சிடட்டுமா" என்று மூன்று நிமிடத்தில் கடையைக் கட்டிவிடுகிறார். நாம் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேச அந்த மூன்று நிமிடம் எந்த மூலைக்கு? அதனால்தான் கடிதம்.

நல்ல செய்தி முதலில். கண் பரிசோதனைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். பத்து வருடமாகக் கண்ணாடிக் கடையில் யாரோ எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தேன். இனி அந்தச் சீட்டை நான் எழுதுவேன்.

அடுத்து, நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன விஷயம். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, கம்பிவலையிலிருந்து செடி கட்டிய பலகைகளைக் கழற்றி, வாளிக்கு நான்காக இரண்டு வாளியில் பத்து நிமிடம் முக்கி, வடியவிட்டு, திரும்ப மாட்ட ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. வெயில் காலத்தில் சாயங்காலமும் அதே கதை. ஒரு நாள் விட்டால் வேரெல்லாம் வெளுத்துச் சுண்டிவிடுகிறது. இதுபோக வருடத்துக்கு ஒருமுறை பாசி மாற்றுவது, கம்பி துருப்பிடித்தால் புதுக்கம்பி, நத்தை பொறுக்குவது. நான் போய்விட்டால் இதை யார் செய்வது? அண்ணனுக்கு பஸ் டெப்போவில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு என்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பச் சேர்ப்பார். தன் ஈரத்துண்டைக் கொடியில் போட மாட்டார்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். ஜூலைக்குள் எல்லாவற்றையும் பலகையிலிருந்து எடுத்துத் தொட்டிக்கு மாற்றப் போகிறேன். தொட்டி என்றால் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒருமுறை என்றால் அண்ணனால்கூட முடியும். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணி, இது அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. எப்படி மாற்றுவது என்று கேட்கும் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 4

அருமை நாத்தனாருக்கு,

நான் நலம், முழங்கால் நலமில்லை. நீயும் உன் அண்ணனும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உனக்கு இடம் கிடைத்த செய்தியை ஆஸ்பத்திரியில் என் பிரிவு முழுக்கச் சொன்னேன். நம் மொழி தெரியாத நர்சுகளும் கைதட்டினார்கள். உன் பிடிவாதத்துக்குக் கிடைத்த இடம் அது. சந்தோஷம்.

ஆனால் தொட்டி வேண்டாம். அவை மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர் விடும் செடிகள். ஒவ்வொன்றையும் பலகையில் பாசி வைத்து, தூண்டில் நரம்பால் கட்டி, வேர் தானாகப் பலகையைப் பிடிக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து வளர்த்தேன். பிய்த்தால் வேர் போகும். வேர் போனால் செடியும் போகும்.

அக்டோபரில் என் மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. நீ ஆகஸ்டில் போனாலும் நடுவில் இரண்டு மாதம்தானே? மாடிவீட்டுப் பல் டாக்டர் மனைவியைக் கேட்டுப் பார். அவள் செடி கொடி ஆசைக்காரி. இல்லாவிட்டால் இரண்டு மாதம் தள்ளிச் சேரலாமா என்று கல்லூரியில் கேள். நான் வரும்வரை அவை பலகையிலேயே இருக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

இன்னொரு சின்ன வேலை. இரும்புப் பெட்டியில் பச்சை உறைக்குள் என் நர்சிங் சான்றிதழ்களின் அசல் இருக்கும். பதிவுத் தபாலில் உடனே அனுப்பு. இங்கே ஆபீசில் ஏதோ கேட்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம், ஒரு செடியைத் தவிர. அதைக் கீழே எழுதுகிறேன். உங்கள் முழங்காலுக்கு அந்த ஊர் டாக்டர்கள் ஒன்றும் கொடுப்பதில்லையா?

சான்றிதழ்களை நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். 

பல் டாக்டர் மனைவியைக் கேட்டேன். "இதென்ன பெரிய விஷயம், நான் பார்த்துக்கிறேன்" என்றார். ஒத்திகைக்கு ஒரு வாரம் வரச் சொன்னேன். முதல் நாள் ஐந்து மணிக்கு வந்தார். இரண்டாம் நாள் ஆறரைக்கு. மூன்றாம் நாள், "எனக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு, உனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு" என்று சொல்லிக் கம்பி நீட்டிவிட்டார். இப்போது மாடிப்படியில் என்னைக் கண்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்.

தள்ளிச் சேர்வது பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். போன வருடமே எனக்கு இடம் கிடைத்தது. பலகைகளை யாரிடம் விடுவது என்று தெரியாமல் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தால் அங்கே மனம் நிம்மதியாக இருக்காது என்று மறைத்தேன். இந்த வருடம் அப்படிச் செய்ய மாட்டேன். எனக்கு முப்பது ஆகப் போகிறது. முப்பத்தொன்றுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

செடிக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை நீங்கள் கழுதைக்காது என்று பெயர் வைத்த செடியைக் கழற்றும்போது பலகை கையோடு வந்தது, கம்பி வலையிலேயே நின்றது. மரம் உளுத்து மெத்தென்று ஆகிவிட்டது. அந்தப் பெரிய தடித்த இலைகளோடு செடி தரையில் கிடந்தது. நீங்கள் வேண்டாம் என்று எழுதிய கடிதம் மேசைமேல் இருக்க, நான் மரப்பட்டைத் துண்டும் கரியும் போட்டு அதைத் தொட்டியில் வைத்தேன். சரியாகச் செய்தேனா தெரியாது. மற்ற பலகைகளையும் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். எட்டுப் பலகை இதே நிலைமையில் இருக்கின்றன. நீங்கள் வரும்வரை அவை பலகையில் இருக்க வேண்டும் என்று நாம் நினைத்தாலும் பலகை நினைக்கவில்லை.

ஒன்று, எனக்குச் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நானே தப்பும் தவறுமாகச் செய்வேன். செய்யாமல் இருக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 27

என் செல்ல நாத்தனாருக்கு,

நலமாக இருக்கிறாயா? பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதலாம். அது பொய். நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

போன வருடம் நீ விட்டுக்கொடுத்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால் தப்பு இல்லை என்று ஆகிவிடாது. மன்னித்துக்கொள். சரி, இப்போது வேலையைப் பார்ப்போம்.

அவசரப்படாதே. செடியின் அடியில் புது வேர் முளைத்திருக்கிறதா பார். பச்சை நுனி அரிசி அளவு வெளியே வந்ததும் அதுதான் சமயம். பழைய வேர் காற்றுக்குப் பழகியது. தொட்டிக்குள் போனால் பாதி செத்துவிடும். புது வேர்தான் தொட்டிக்குப் பழகும். புது வேர் வராத செடியைத் தொடாதே.

பலகையை அரை மணி நேரம் ஊறவை. முனை மழுங்கிய கத்தியை வேருக்கும் மரத்துக்கும் நடுவில் மெதுவாக நுழை. வராத வேரை இழுக்காதே. அந்த இடத்துப் பலகையைச் சின்னதாக அறுத்து, மரத்துண்டோடு சேர்த்தே தொட்டியில் வைத்துவிடு. உன் அண்ணனுக்கு ரம்பம் பிடிக்கத் தெரியும், வேலை வாங்கு. பெரிய மரப்பட்டைத் துண்டு, கரி, கொஞ்சம் செங்கல் சில்லு. மண் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். தொட்டிக்குப் பக்கவாட்டிலும் ஓட்டை வேண்டும். செடி ஆடக் கூடாது, குச்சி நட்டுக் கட்டு. வைத்து ஆறு நாள் தண்ணீர் காட்டாதே, காயம் ஆற வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை.

முதலில் உளுத்த எட்டையும் எடு. பென்சில் மாதிரி இலை உள்ள செடிக்கு மட்டும் தொட்டி வேண்டாம், மரச்சட்டம் அடித்த கூடை. பெரியம்மா என்று நாம் கூப்பிடும் அந்தப் பெரிய செடி கடைசியில், அவள் இடம் அடைத்துக்கொண்டு ஒரு பூகூடப் பூத்ததில்லை என்றாலும் கிண்டல் செய்யாதே.

மொட்டையைத் தொடவே தொடாதே. இலையே இல்லாமல் வெறும் வேராகவே வாழும் செடி அது. அந்த வேர்தான் அதற்கு இலை. தொட்டிக்குள் மூடினால் செத்துவிடும்.

கழுதைக்காது பிழைத்ததா எழுது.

அன்புடன்,
அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

கழுதைக்காது பிழைத்துவிட்டது. நானும் அண்ணனும்கூடத்தான். உங்களுக்கு ஏன் தூக்கம் வரவில்லை? போனில் குரலைக் கேட்டாலே தெரிகிறது.

உங்கள் கடிதத்தைப் பாடப்புத்தகம் மாதிரி படித்து, இதுவரை இருபத்தெட்டு மாற்றிவிட்டேன். கடையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து வந்து வேர் நுனியைத் தேடுகிறேன். பலகையில் மிச்சம் எட்டும் மொட்டையும்தான். காலை வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது. மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் முதல் இரண்டு நாள் அறையைக் கூட்டினேன், பிறகு படிக்க ஆரம்பித்தேன்.

அண்ணன் பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்தார். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, எல்லா ஓட்டையும் ஒரே இடைவெளியில் வருமாறு அளவு குறித்து. "செடிக்கு அளவு தெரியுமா?" என்று கேட்டேன். "செடிக்குத் தெரியாது, போடுறவனுக்குத் தெரியும்" என்றார். கிண்டல் செய்தாலும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஒன்று கவனித்தேன் அண்ணி. போன கடிதத்தில் தொட்டியைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அக்டோபரைப் பற்றி ஒரு வரி இல்லை. அசல் சான்றிதழ் ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. நான் கண்ணாடிக் கடைக்காரி, சின்ன எழுத்தும் என் கண்ணில் படும். இப்போது கேட்க மாட்டேன். நீங்களாகச் சொல்லுங்கள்.

ஜூன் முதல் வாரத்திலிருந்து பத்து நாள் கல்லூரியில் அறிமுக வகுப்பு இருக்கிறது. அந்தப் பத்து நாளும் செடிகள் அண்ணன் பொறுப்பில். அவருக்கும் ஒரு பரீட்சை வைத்த மாதிரி ஆகும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜூன் 13

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நன்றாக இருங்கள்.

நேற்று கல்லூரியிலிருந்து வந்தேன். பால்கனிக் கதவைத் திறந்ததும் வாடை. தொட்டியெல்லாம் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. தட்டில் தண்ணீர் நின்றது. ஆறு தொட்டியில் வேர் அழுகிவிட்டது. பெரியம்மாவின் அடித்தண்டை விரலால் தொட்டேன், உள்ளே போனது. அவளையும் அவசரப்பட்டு மாற்றி வைத்திருந்தேன்.

அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"தொட்டிக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்துன?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு நாள்கூட விடல."

அந்த முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே போனேன்?"

"நீ வாயால சொன்ன. அவ எழுதி வச்சிருக்கா" என்று சுவரைக் காட்டினார்.

நீங்கள் போகும்போது ஒட்டிவிட்டுப் போன தாள் அண்ணி. "தினமும் காலை ஒருமுறை. கோடையில் மாலையும். மறக்க வேண்டாம்." இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தச் சுவரைக் கடந்து போகிறவர் ஒரு நாள்கூட அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. பலகைக்கு எழுதிய தாள், தொட்டி வந்த பிறகு கிழித்திருக்க வேண்டியது நான்தான். கிழிக்கத் தோன்றவில்லை. இவர் பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு வேலையை எழுதியது எழுதியபடி செய்திருக்கிறார், அது இப்படி முடிந்தது.

வாயில் வந்தபடி திட்டினேன். அவர் வேலை உடையைக்கூட மாற்றாமல் தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். 

இரவு முழுக்க யோசித்து, காலையில் கல்லூரிக்கு இடம் வேண்டாம் என்று கடிதம் எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். தபால் பெட்டி வரை போனேன். போடவில்லை. கிழிக்கவும் இல்லை. பையில் இருக்கிறது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை.

அழுகிய வேரை என்ன செய்ய வேண்டும், எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 28

என் கண்ணே,

நலமாக இரு. முதலில் மருந்து. தொட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கொட்டு. பழுப்பாக, அழுத்தினால் நீர் வடியும் வேர்களை நெருப்பில் காட்டிய கத்தரியால் வெட்டு. வெட்டிய இடத்தில் கரித்தூள் தடவு. நான்கு நாள் நிழலில் அப்படியே கிடக்கட்டும். பிறகு புது மரப்பட்டை, சின்னத் தொட்டி. ஒரு நல்ல வேர் மிச்சம் இருந்தாலும் பிழைக்கும். பெரியம்மாவுக்கு வாய்ப்பு குறைவு.

உன் கடிதத்தை ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்று படித்தேன். "அவ எழுதி வச்சிருக்கா" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன். நான் எழுதிய எதையும் அவர் படித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

நீ கேட்காமல் விட்டதற்குப் பதில் சொல்கிறேன். மார்ச் கடைசியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அக்டோபரில் வரவில்லை. நடுவில் ஒரு மாதம் லீவு உண்டு, அவ்வளவுதான்.

கட்டாயத்தில் இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் எல்லோரும் பாவம் என்பீர்கள். உண்மை அது இல்லை. ஆபரேஷன் அறைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் கை நீட்டும் முன் அவர் கேட்கப்போகும் கருவி என் கையில் தயாராக இருக்கும். எனக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது. அதைச் சொல்லத்தான் வெட்கம். செடிகள் பலகையில் தொங்கும்வரை நான் இதோ வந்துவிடுவேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளலாம். அதற்காக உன்னை ஒரு வருடம் வாளியோடு கட்டிப்போட்டிருக்கிறேன்.

உன் அண்ணனுக்கும் இதே தபாலில் தனியாக எழுதியிருக்கிறேன். போனில் சொல்லத் தைரியம் இல்லை.

இத்துடன் சுவருக்கு ஒரு புதுத் தாள் வைத்திருக்கிறேன். பழையதைக் கிழித்துவிட்டு ஒட்டு. "ஞாயிறு மட்டும். தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. தொட்டி கனமாக இருந்தால் அந்த வாரம் வேண்டாம்." அவ்வளவுதான். மொட்டையை மட்டும் பூச்செடி விற்கிறவரிடம் கொடுத்துவிடு. நீ போன பிறகு அதைத் தினமும் முக்க ஆள் இல்லை. கண்முன் காய்ந்து சாவதைவிட அது மேல்.

பையில் இருக்கும் கடிதத்தைக் கிழி. கிழித்தேன் என்று பதில் போடு.

அண்ணி


ஜூலை 16

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இங்கே எல்லோரும் நலம். உங்கள் மனம் இப்போது கொஞ்சம் லேசாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

பையில் இருந்த கல்லூரிக் கடிதத்தை உங்கள் பதில் வருவதற்கு முன்பே கிழித்துவிட்டேன். ஒரு நாள் காலை வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அழுகிய வேரை வெட்டலாம், போன வருடத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று தோன்றியது. அந்த ஈரக்கையோடேயே கிழித்தேன்.

ஆறில் ஐந்து பிழைத்துவிட்டன. பெரியம்மா போய்விட்டாள். கிண்டல் செய்யவில்லை. மிச்ச எட்டையும் மாற்றியாகிவிட்டது. ஆக, கூடையோடு சேர்த்து முப்பத்தைந்து தொட்டி, மொட்டை ஒன்று.

இரண்டு வருடம் என்று படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. பிடித்துப்போய்விட்டது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து ஏனோ சந்தோஷமாக இருந்தது. நானும் அப்படி ஒரு வேலைக்காகத்தானே போகிறேன்.

அண்ணன் உங்கள் கடிதத்தை பால்கனியில் நின்று படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் புதுத் தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று முழுக்கப் படித்தார்.

"மொட்டை ஏன் இதுல இல்ல?"

"அதைக் குடுத்துடச் சொல்லியிருக்காங்க. தினமும் தண்ணி வைக்க ஆள் இல்லையாம்."

"யாரைக் கேட்டு?"

"உன்னை எப்படிக் கேக்கறது? நீ ஒரு துண்டைக் காயப் போட மாட்டியே."

தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு, "அது இங்கயே இருக்கட்டும். எப்படின்னு காட்டு" என்றார்.

அன்றிலிருந்து கூட நின்று பார்க்கிறார். வேர் வெள்ளையாக இருந்தால் தாகம், பச்சையானால் போதும் என்று சொன்னேன். "ஆயில் கம்பியில அளவு பாக்கற மாதிரி" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செய்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை அண்ணி. ஆனால் நான் போகப் போகிறேன். முப்பதாம் தேதி ரயில்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 20
விடுதியிலிருந்து

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். விடுதிச் சாப்பாடு பழகிவிட்டது. உங்கள் முழங்காலுக்குக் கட்டு போட்டிருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நிற்கும் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அறையில் நான்கு பேர். மற்ற மூவருக்கும் பத்தொன்பது வயது, என்னை மேடம் என்று கூப்பிட்டார்கள். முதல் வாரப் பாடத்தில் ஒருவர் கண்ணை ஒருவர் பரிசோதித்தோம். மூவரில் ஒருத்திக்குத் தூரப்பார்வை மோசம், அவளுக்கே தெரியவில்லை. என் கையால் எழுதிய முதல் சீட்டு அவளுக்குத்தான். இப்போது அக்கா என்கிறார்கள்.

இன்னும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வாளி எங்கே என்று ஒரு நொடி தேடிவிட்டு, பிறகு புத்தகத்தை எடுக்கிறேன்.

அண்ணனுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போனில், "எல்லாம் இருக்கு, சரி சரி, வச்சிடட்டுமா" என்கிறார். எல்லாம் என்றால் எது எது என்று கேட்பதற்குள் வைத்துவிடுகிறார். மொட்டை இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போக மாட்டேன். முதல் தேர்வு முடியாமல் இங்கிருந்து நகர்வதில்லை என்று முடிவு.

உங்களுக்கு ஏதாவது எழுதினாரா?

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 8

சாப்பிட்டாயா? முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நான் நன்றாக இருக்கிறேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இதை நான்கு நாளாக எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் மொட்டையை வாளியில் முக்கினால் பத்து நிமிடம் ஊற வேண்டும். அதுவரை எனக்குச் செய்ய வேலை இல்லை. பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பேன். முதல் இரண்டு வாரம் டீ குடித்தேன். அப்புறம் உன்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். போனில் அது வாயில் வருவதில்லை. அதனால் தாளும் பேனாவும் எடுத்து வந்தேன்.

தொட்டிகள் முப்பத்தைந்தும் இருக்கின்றன. ஞாயிறு மட்டும் தண்ணீர். தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் விட்டுவிடுகிறேன். கழுதைக்காதில் புது இலை வருகிறது. தங்கச்சியிடம் சொல்லிவிடு. அவள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் எழுத வராது, பரீட்சை மாதிரி இருக்கிறது.

உன் கடிதம் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இரண்டு வருடம் என்று படித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. பிடித்த வேலை, அதைச் சொல்ல வெட்கம் என்று எழுதியிருந்தாய். எனக்கும் என்ஜின் பிரிக்கிற வேலை பிடிக்கும். அதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. நீயும் பட வேண்டாம்.

நீ இங்கே இருந்தபோது தினமும் காலையில் பால்கனியில் வாளிச் சத்தம் கேட்கும். நான் தலையணையால் காதை மூடிக்கொள்வேன். ஒரு நாள் எழுந்து வந்து ஒரு பலகையைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அது இப்போது இங்கே உட்கார்ந்திருக்கும்போது தெரிகிறது.

மொட்டையை முக்குவது இன்றோடு நாற்பது நாள். ஒரு நாளும் விடவில்லை. இதையும் தொட்டியில் வைத்துவிட்டால் தொல்லை விட்டதே என்று டெப்போவில் ஒருவன் கேட்டான். இது அப்படி மாறாது என்று சொன்னேன்.

பலகையில் ஒரு மூலை மெத்தென்று ஆகியிருக்கிறது. கெட்டி மரத்தில் புதிதாக ஒன்று அறுத்து, இழைத்து வைத்திருக்கிறேன். செடியைப் பிரிக்காமல் பழைய பலகையோடு அப்படியே அதன்மேல் வைத்துக் கட்டலாமா, எப்படி என்று எழுது. எழுதினால் எழுதியபடி செய்வேன்.

இரண்டு வருடம் ஆகட்டும். நீ வரும்போது மொட்டை பலகையில்தான் இருக்கும்.

வேர் பச்சையாகிவிட்டது. எடுத்து மாட்டப் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்